சைனா படத்துக்கு அம்மா சொன்ன தமிழ்

போன மாதம் ஒரு காலையில் போனில் எதையோ தேடப் போய், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு பச்சைக் கதவில் கொண்டு நிறுத்தியது. அமெரிக்காவில் குடியேறிய சீனர்களைப் பற்றிய பழைய படமாம். பெரிய கம்பெனி கிடையாது, பேர் பெற்ற நடிகர்கள் கிடையாது, யாரோ நாலு பேர் சேர்ந்து கைக்காசைப் போட்டு எடுத்ததாம். கெட்டுப்போய்க் கிடந்த பிலிமைச் சுத்தம் செய்து இப்போது மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள் என்று செய்தி. செய்தியோடு ஒரு புகைப்படம். பச்சைக் கதவு, கதவோரம் ஒரு முக்காலி, முக்காலியில் மடியில் கிண்ணத்தோடு ஒரு அம்மாள்.

"அட, நம்ம சைனாக்காரம்மா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மா, "யாரு வந்துக்குது?" என்றாள்.

அம்மாவுக்கு இப்போது கண் பழுதாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. காது மட்டும் பாம்புச் செவி. நான் அடுப்படியில் முணுமுணுப்பது அவளுக்குக் கட்டிலில் கேட்கும். அதனால் எனக்குப் பல சங்கடம்.

"யாரும் வரல. அந்தக் காலத்துல டெக்குல ஒரு சைனா படம் பாத்தமே, அது வந்துருக்குது."

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "மல்லாட்ட உரிச்சிக்கினு இருக்குமே, அந்தம்மாவா?" என்றாள்.

அந்த அம்மாளேதான். அந்தப் படத்தை நாங்கள் பார்த்தது எண்பதுகளின் நடுவில், செஞ்சியில், இதே தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். அது மட்டும் அன்று வராமல் போயிருந்தால் நான் டெல்லிக்குப் போயிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அப்போது எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. முடித்தேன், செஞ்சியிலேயே டைப் படித்தேன், எல்லாரும் எழுதுகிறார்களே என்று பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தால் மெட்ராஸில் போடுவார்கள், மிஞ்சிப்போனால் பெங்களூர் என்று நினைத்திருந்தேன். டெல்லியில் போட்டுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டையும் ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில், மூட்டை தூக்கினவர். நான் அஞ்சாவது படிக்கும்போதே போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்வது வேர்க்கடலையைத்தான். நிலம் நீச்சு எங்கள் வகையறாவில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. அம்மாவுக்கு இருந்தது நான் ஒருத்தி. அதையும் டெல்லிக்கு அனுப்பிவிட்டு அவள் என்ன செய்வாள் என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். யாரும் கேட்காத நேரத்தில் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, சிங்கவரத்தில் இருந்து சைக்கிளில் வந்து வந்து கத்திவிட்டுப் போனார். "பொட்டப்புள்ளய அத்தந்தூரம் அனுப்பிட்டு நீ இங்க இன்னா பண்ணுவ? நாளைக்கி ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?" என்பார். அவர் மகனுக்கு என்னைக் கட்டிவைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. மகன் நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் சிங்கவரம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அழுதால் நானும் கூட அழுதுவிட்டு வீட்டோடு கிடக்கலாம். கம்மென்று இருப்பவளை என்ன செய்வது? உத்தரவைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். காலையில் மில்லுக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள், "சாப்டியா?" என்றாள். "நீ இன்னாம்மா சொல்ற?" என்று நான் கேட்டால், "இன்னா சொல்றது? சோறு ஆறுது பாரு" என்பாள். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

அவள் வாயால் வராமல் நான் போகப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவளுக்கு மகளாகப் பிறந்துவிட்டு எனக்கு மட்டும் பிடிவாதம் குறைவாகவா இருக்கும்?

இதில் எங்கள் வீட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியே கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அம்மா அதில் ஒரு படி மேலே. நைனா கடைசி நாள் காலையில் ஏதோ கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மத்தியானம் லாரியில் மூட்டைகள் சரிந்து அவர் மேல் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாய் தவறி 'போறேன்' என்றால் போச்சு. தெருமுனை வரை ஓடி வந்து என்னைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்ல வைத்து, தன் வாயால் "போயிட்டு வா" என்று சொன்ன பிறகுதான் விடுவாள். அதனாலேயே திண்டிவனம் பஸ்ஸைப் பலமுறை கோட்டை விட்டிருக்கிறேன். தினமும் அவள் சும்மா சொல்கிற அந்தச் சொல்லைத்தான் டெல்லிக்கும் கேட்டேன். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டில் காதுகுத்து. விசேஷம் என்றால் டெக் எடுப்பது அப்போதைய பெருமை. டெக் என்பது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி. அதையும் ஒரு கலர் டிவியையும் பஜாரில் ஒரு பாய் வாடகைக்குக் கொடுத்துவந்தார். சனிக்கிழமையே மூன்று தமிழ்ப் படம் ஓடி முடிந்திருந்தது. டெக்கைத் திருப்பிக் கொடுக்க ஞாயிறு சாயங்காலம் வரை நேரம் இருந்தது. பகலில் பெட்டி சும்மா கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவர் டிராக்டர் ஓட்டுபவர், எதுவும் சும்மா நிற்கப் பிடிக்காது. நேராகப் பஜாருக்குப் போய், "பாய், ஒரு சைனா படம் குடு" என்றிருக்கிறார்.

சைனா படம் என்றால் எங்கள் ஊரில் அப்போது ஒரே அர்த்தம்தான், கராத்தே. சைனாக்காரர்கள் பறந்து பறந்து உதைப்பார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவர்களும் துணி துவைப்பார்கள், வாடகை வீட்டில் இருப்பார்கள், மகளை நினைத்துக் கவலைப்படுவார்கள் என்றெல்லாம் எங்கள் தெருவில் யாரும் யோசித்ததே இல்லை. பாய்க்கும் அதே எண்ணம்தான் போலிருக்கிறது. அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்து அனுப்பிய கேசட்டுகளில் ஒன்றின் மேல் சைனா எழுத்து எழுதியிருந்தது. அவர் அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சிங்கப்பூர் சரக்கு, அடி தூள் பறக்கும்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தெருவே கூடிவிட்டது. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மெல்லுகிற கூட்டம். பந்தலுக்குள் டிவியை வைத்து, கண்ணாடியில் வெளிச்சம் படாமல் இருக்கச் சுற்றிலும் புடவை கட்டியிருந்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. காதுகுத்துக்கு வந்திருந்த மாமா ஒரு மடக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நான்.

படம் ஆரம்பித்தது. கோட்டை மலைப் படி மாதிரி செங்குத்தாக ஏறும் ஒரு தெரு. பனிமூட்டம். துணிப்பையோடு ஒரு அம்மாள் மூச்சு வாங்க ஏறி வருகிறாள். கருவாட்டுக் கடை மாதிரி ஒரு கடை, அதன் பக்கத்தில் மாடிப்படி. மேலே பச்சைக் கதவு. கதவைத் திறந்து, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் அரிசி களைகிறாள். அரிசி களைவதை முழுசாகக் காட்டினார்கள். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி.

"இரு இரு, இப்ப கதவ ஒடச்சிக்கினு வருவான் பாரு" என்றார் டிராக்டர் அண்ணன்.

கதவு திறந்தது. ஒரு பெண் வந்தாள், மகள். தாய் திரும்பிப் பார்க்காமலே "சிக்ஜோ ஃபான்மே" என்பது போல ஏதோ சொன்னாள்.

"காலேஜு, இன்னா சொல்லுது, சொல்லேன்" என்றது கூட்டம். தெருவில் என்னை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார்கள்.

"அது இங்கிலீஷ் இல்ல. சைனா பாஷ" என்றேன். டிவியில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் சைனா எழுத்து. சிங்கப்பூர் டிவியில் போட்டதை அப்படியே பிடித்த கேசட் அது.

"சாப்டியான்னு கேக்குது" என்றாள் அம்மா.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"வேலைக்கிப் போயிட்டு வர்ற பொண்ண வேற இன்னா கேப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அம்மா சொன்ன மாதிரிதான் அடுத்த காட்சியில் தட்டு வந்தது. அதற்கப்புறம் அந்தப் பச்சைக் கதவு வழியாக யார் வந்தாலும் அந்த அம்மாள் அதையே கேட்டாள். மூன்றாவது தடவை கதவு திறந்தபோது பந்தலே சேர்ந்து "சாப்டியா!" என்று கத்தியது.

நடுவில் தொப்பி போட்ட ஒரு தடியான ஆள் வந்தார். ஏதோ உரக்கச் சொன்னார். எழுந்து நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "வந்துட்டான்யா!" என்று டிராக்டர் அண்ணன் முட்டி போட்டு எழுந்தார், ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அந்த ஆள் மடித்த கையோடு சமையலறைக்குப் போய்த் தட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

"இன்னாய்யா படம் இது! இதுதான் எங்க வூட்லயே நடக்குதே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வெளியே போனார். அவர் வீட்டில் அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. ஆண்கள் ஒவ்வொருவராக அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மாமா மட்டும் சாப்பாட்டு அசதியில் நாற்காலியை விட்டு எழவில்லை.

பெண்கள் இருந்தோம். அடுத்து அந்த அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எதையோ உரிக்க ஆரம்பித்தாள். "மல்லாட்ட!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள். சைனா படத்தில் மல்லாட்டை! அம்மா முன்னால் தள்ளி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள்.

"சன்னப் பருப்பு. நம்ம ஊருது இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நகத்தால உரிக்குது பாரு, வெரலு போயிடும்" என்று அந்த அம்மாளுக்காக வருத்தப்பட்டாள்.

ஒரு கட்டத்தில் திடீரென்று கொழுகொழு என்று ஒரு குழந்தை வந்து சிரித்தது. "பொண்ணுக்குப் புள்ள பொறந்துட்டுதா? கல்யாணமே காட்டலயே" என்று அக்கா குழம்பினாள். சிங்கப்பூர் டிவியின் பால்பவுடர் விளம்பரம் அது என்று நான் விளக்குவதற்குள் குழந்தை இரண்டு முறை வந்துவிட்டது. கடைசிவரை அக்கா அந்தக் குழந்தையைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

மகள் மட்டும் இங்கிலீஷ் பேசினாள். அமெரிக்கப் பேச்சு, எனக்கு நாலு வார்த்தையில் ஒன்று பிடிபட்டது. அதனால் எங்களுக்குள் தானாகவே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. மகள் பேசினால் நான் தமிழில் சொன்னேன், தாய் பேசினால் அம்மா சொன்னாள். நான் தப்புத்தப்பாகச் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் கூசாமல் சொன்னாள். பெண்கள் இரண்டு பேர் சொன்னதையும் நம்பினார்கள்.

பாதிப் படத்துக்கு மேல், சாப்பிடும்போது மகள் சாப்பாட்டை அளைந்துகொண்டே ஏதோ சொன்னாள். அது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"இன்னா சொல்லுது காலேஜு?"

"அவளுக்கு வேல கெடச்சிருக்குதாம். வேற ஊருல. ரொம்பத் தூரமாம்" என்றேன்.

பந்தலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் தாய் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்துவிட்டு ஏதோ சொன்னாள். அதைச் சொல்ல வேண்டியது அம்மாவின் முறை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அங்க குளுருமேன்னு சொல்லுது" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. படம் பாட்டுக்கு மெதுவாகப் போனது. தாய் தையல் வேலைக்குப் போனாள், வந்தாள். மகள் துணி மடித்தாள். தொப்பிக்காரர் வந்து மகளைத் திட்டினார், நாங்கள் மாமாவைப் பார்த்தோம். மாமா மூக்கைச் சொறிந்துகொண்டார்.  அந்தப் பெண் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அவள் போனால் நானும் போவேன் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

கடைசியில் மகள் பெட்டியோடு பச்சைக் கதவுக்கு வந்தாள். குனிந்து ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டினாள். தாய் முக்காலியில் கிண்ணத்தோடு உட்கார்ந்தபடி ஏதோ சொன்னாள். இரண்டே அசை. மகளின் கை அப்படியே நின்றது. பிறகு முடிச்சைப் போட்டு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தாய் மல்லாட்டையை உரித்தாள். படம் முடிந்துவிட்டது.

 அக்காதான் கேட்டாள். "யக்கா, கடசியா இன்னா சொல்லிச்சு அது?"

அதுவரைக்கும் டக்டக்கென்று சொல்லிக்கொண்டு வந்த அம்மா இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"போயிட்டு வான்னு சொல்லுது."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "இத்தினியூண்டுதான சொல்லிச்சு. அதுக்குள்ள அவ்ளோ இருக்குதா?" என்றேன்.

"அவங்க பாஷ சுருக்கம்" என்றாள் அம்மா.

மாமா எழுந்துவிட்டார். "படத்துல சொல்லுவாங்க. சினிமாதான!" என்றார்.

"சினிமாவோ இன்னாவோ. பெத்தவ வேற இன்னாண்ணா சொல்லுவா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அம்மா என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் முன்னால், "பாப்பா, நீயும் போயிட்டு வா" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். பொய் சொல்லக்கூடாது, சந்தோஷத்தில்தான் அழுதேன். அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. அப்போதே மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மாமா சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதோடு உறவு அறுந்தது என்றுதான் நினைத்தோம். நான் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார், கக்கத்தில் ஒரு கம்பளி. அவலூர்பேட்டைச் சந்தையில் வாங்கினாராம். "அங்க குளுருமாமே" என்று என் கையில் திணித்தார். அந்தக் கம்பளி உடம்பெல்லாம் குத்தும். டெல்லியில் பல குளிர்காலம் அதைத்தான் போர்த்திக்கொண்டேன்.

அம்மா பஸ்ஸுக்குள் வரைக்கும் ஏறி வந்து பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளினாள். நான் "போயிட்டு வரேம்மா" என்றேன். "போயிட்டு வா" என்றாள். இறங்கி, பஸ் திரும்பும் வரைக்கும் நின்றாள்.

டெல்லியைப் பற்றிச் சொல்ல இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. வேலை செய்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்து படித்து அவரவர் வழியில் போனார்கள், கணவர் காலமானார். வருஷம் ஒரு தடவை செஞ்சிக்கு வருவேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவை என்னோடு கூப்பிடுவேன். "அங்க வந்து நான் இன்னா பண்றது, குளுரும்" என்பாள். கை நடுங்க ஆரம்பிக்கும் வரை மில்லுக்குப் போனாள். நான் ரிட்டயர் ஆன மறு மாதமே இங்கே வந்துவிட்டேன். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. பழைய வீட்டை இடித்துக் கட்டி, இப்போது அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

படம் வந்திருக்கிறது என்று சொன்னதும், "போடு, கேப்போம்" என்றாள் அம்மா. 'பாப்போம்' என்று சொல்லாமல் 'கேப்போம்' என்றது எனக்குச் சுருக்கென்றது. லாப்டாப்பை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்தேன். இந்தத் தடவை கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. சைனா பாஷையில் பேசுவதெல்லாம் இங்கிலீஷில் வந்தது. நான் படித்துத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

பச்சைக் கதவு திறந்தது. "சிக்ஜோ ஃபான்மே" என்று தாயின் குரல் கேட்டது. நான் எழுத்தைப் படிப்பதற்குள் அம்மா படுத்தபடியே "சாப்டியா!" என்று கத்தினாள், பந்தலில் கத்தியது மாதிரி. பொக்கை வாயால் சிரித்தாள். கீழே பார்த்தேன். சாப்பிட்டாயா என்றுதான் போட்டிருந்தது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அவள் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். நினைவில் இருந்ததை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். தொப்பிக்காரரிடம் அந்த அம்மாள் சொன்னது, தையல்காரிகளிடம் சொன்னது, எல்லாம் கிட்டத்தட்ட அம்மா சொன்ன மாதிரியே இருந்தது. மகளின் பேச்சில்தான் நான் நிறைய உளறியிருக்கிறேன். மகள் தனக்கு வேலை கிடைத்ததைச் சொன்ன பிறகு தாய் மென்றுகொண்டே சொன்னதைப் படித்தேன். அங்கே குளிர் அதிகம் என்று இருந்தது.

"கொழந்த எங்க, காணம்?" என்றாள் அம்மா.

"அது வெளம்பரம்மா. அப்பவே சொன்னன்."

"இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

கடைசிக் காட்சி வந்தது. செஞ்சிப் பந்தலில் நான் இந்தக் காட்சியில் மகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவளுடைய பெட்டி, ஷூ, கோட்டு, அவளுக்கு முன்னால் இருந்த கதவு. இப்போது எனக்கு அந்தத் தாயைவிட வயது அதிகம். இந்தத் தடவை தாயைப் பார்த்தேன். மகள் ஷூ மாட்டும் நேரம் முழுக்க அந்த அம்மாள் மல்லாட்டை உரிக்கவே இல்லை. உரிக்காத காய் ஒன்றைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறாள். தாடை நடுங்குகிறது. பார்வை மகளின் ஷூ மேலேயே இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும், சின்னப் பிள்ளைக்குக்கூட, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிடும். அன்று பந்தலில் உட்கார்ந்து முன்னால் தள்ளி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த இரண்டு அசை கேட்டது. கீழே எழுத்து வந்தது.

போகாதே.

 படம் முழுக்கச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் இந்த ஒன்றில் தவறியிருக்க மாட்டாள். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. உத்தரவு வந்த நாளில் இருந்து அவள் வாய்க்குள்ளேயே இருந்த சொல் அது. சோறு ஆறுது பாரு என்று சொன்ன நாளெல்லாம் அதைத்தான் சொல்லாமல் விழுங்கியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.  இத்தனை வயதுக்கு மேல் இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் மேலேயே கோபம் வந்தது.

லாப்டாப்பில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா தலையைத் திருப்பினாள். அவளுக்கு நான் நிழலாகத் தெரிந்திருப்பேன்.

"இன்னா போட்டுக்குது கீழ?" என்றாள்.

 "போயிட்டு வான்னு போட்டுருக்குதும்மா" என்றேன்.

அம்மா கையை நீட்டித் தடவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பருப்புப் பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்துப்போன விரல்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

"அப்டியா போட்டுக்குது?" என்றாள். பிறகு சிரித்தாள். "இத்தினி வருசம் டெல்லில குந்திக்கினு இந்த இங்கிலீசுதான் கத்துக்கினியா நீ?"